கொடுக்கு போன நண்டு

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீன்பிடிக் கிராமங்களில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் அமுலுவுக்குத் தொல்லை. நான் போய் வந்ததில் அவள் பட்டது போதும்.

சிங்கப்பூரில் ஓர் உணவங்காடியில் நான் சோற்றுக்கடை நடத்துகிறேன். அமுலுவின் தம்பி முத்து என் வாடிக்கையாளன். கட்டட வேலை. வெயிலில் வெந்து வந்து உட்கார்ந்தால் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டு, கிண்ணத்து ரசத்தைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். சென்னையில் என் வீட்டுக்காரர் வழியில் ஒரு கல்யாணம், போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அக்கா, அப்டியே எங்க அக்கா வூட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடுங்களேன்" என்றான். மறுநாளே ஒரு பையோடு வந்து நின்றான். தைலம், பால்மாவு, சாக்லேட், தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச் லைட், அக்காளுக்கு ஒரு சேலை. அவன் சம்பளத்தில் அவன் பெண்டாட்டி பிள்ளைகள் சாப்பிட்டது போக மிச்சம் பிடித்து வாங்கியது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஒரு எட்டு என்றானே தவிர, அந்த எட்டு எவ்வளவு நீளம் என்று சொல்லவில்லை. பொன்னேரியில் நான் ஏறிய பேருந்து திருப்பாலைவனம் தாண்டியதும் இருமியது, புகைவிட்டது, நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பீடி பற்ற வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, சீக்கிரம் ஆகிற வேலை இல்லை. எங்கள் ஊரில் ரயில் கொஞ்ச நேரம் தாமதமானாலே மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. இறங்கி, வயலோரப் புளியமர நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

எதிரே இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துப் பார்த்துத் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். என்னவாம் என்று பக்கத்திலிருந்த மீன்கார அம்மாளைக் கேட்டேன். "உங்க பொட்டிக்கு சக்கரம் கீதே, அத்த நீங்க இட்டுகினு போறீங்களா, அது உங்கள இட்டுகினு போவுதான்னு பேசிக்கிறாங்க" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிங்கப்பூர் என்று சொன்னதும் அவள் காலி அலுமினியக் கூடையைத் தட்டினாள். "எங்க நண்டெல்லாம் அங்கதாம்மா போவுது. நண்டு ஏரோப்ளேன்ல போவுது, நாங்க இந்த பஸ்ல போறோம்."

ஒருவழியாகப் பேருந்து உயிர்பிடித்துப் பழவேற்காட்டில் கொண்டு விட்டது. அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்காமல் போகாதே என்று கல்யாண வீட்டில் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். பார்த்தேன். சுற்றுச்சுவர், பூட்டுப் போட்ட கதவு, பூ வேலை செய்த கல். எப்போதோ செத்துப் போனவர்களுக்கு நல்ல வசதிதான். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மீன் பெட்டிகளுக்கு நடுவே நானும் ஒரு பெட்டியாக உட்கார்ந்து அமுலு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வீடு என்று சொல்வதற்கு அங்கே நான்கு சுவர்கள் இருந்தன. அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. மேல்தளம் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டியது. எப்போது தலையில் விழுமோ என்று பயந்து, வெளியே தார்ப்பாய் கட்டி அதற்குக் கீழேதான் குடும்பம் நடக்கிறது. குழாய் இருக்கிறது, தண்ணீர் உப்பு. தெற்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிகின்றன. அந்த மின்சாரமெல்லாம் எந்தப் பக்கம் போகிறதோ, அமுலு வீட்டு பல்பு மட்டும் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, இந்த வெயில்ல இம்மாந்தூரம் வந்துகினு" என்று அமுலு என் கையிலிருந்த பையை வாங்கினாள். முப்பது வயதிருக்கும், பார்த்தால் நாற்பது சொல்லலாம். முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் தழும்புகள். அவள் புருஷன் சீனு நல்ல உயரம், பேச்சு குறைவு. மகள் ஜோதிக்கு ஆறு வயது. சாக்லேட்டை வாங்கியவள் பிரிக்காமல் முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று கருவாட்டுக் குழம்பு. சோற்றுக்கடைக்காரி சொல்கிறேன், அப்படி ஒரு குழம்பை நான் வைத்ததில்லை. வயிறு நிறைந்ததும் எனக்கு வாய் திறந்துகொள்ளும். எங்கள் ஊரில் நண்டுக்கென்றே கடைகள் இருப்பதையும், ஒரு நண்டே ஒரு தட்டை நிறைப்பதையும், மிளகாயும் தக்காளியும் போட்டுப் புரட்டிய அந்தக் குழம்பில் ரொட்டியைத் தொட்டுத் தின்பதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"எப்டி கீது, ருசி?" என்றாள் ஜோதி.

"நண்டு பிடிக்கிற வீட்டுப் பிள்ளை என்னைக் கேட்கிறாயா?" என்று நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அமுலுதான் சொன்னாள். "பெருசெல்லாம் கம்பெனிக்குக்கா. சின்னது, உள்ள சதையில்லாத தண்ணி நண்டு, இதான் நமக்கு. பெருசுல கொடுக்கு போனது எதுனா சிக்கினா அத்த கம்பெனி வாங்காது, அது நமக்கு. இந்தப் புள்ள பொறந்ததுலேந்து அப்டி ஒண்ணு சிக்கவே இல்ல."

கம்பெனி என்பது ஓர் ஆள். ஏற்றுமதிக்கு நண்டு சேகரிப்பவர். அவருடைய சொந்தப் பெயரை அங்கே யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அமுலு குடும்பத்துக்குப் படகு கொடுத்திருப்பவர் அவர்தான். அதற்கு வாடகை கிடையாது. ஒரே ஒரு பேச்சுதான்: இரண்டு கொடுக்கும் முழுசாக இருக்கிற பெரிய நண்டு எதுவும் வீட்டு அடுப்புக்கோ வேறு கைக்கோ போகக் கூடாது. போனால் படகு கிடையாது. பரவாயில்லையே, நல்ல மனுஷன் என்றுகூட எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

மறுநாள் காலை என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். சின்னப் படகு. சீனு கழியை ஊன்றித் தள்ள, ஏரி கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்து கிடந்தது. முகத்துவாரத்துப் பக்கம் மூங்கில் கழிகள் நட்டு வலை கட்டியிருந்தார்கள். நாமும் அங்கே போகலாமே என்றேன்.

"அது பாடுக்கா" என்றான் சீனு. நல்ல மீன் வருகிற இடங்களை அப்படிச் சொல்கிறார்கள். எந்த ஊர்க்காரர் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று குலுக்கிப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குள் அமுலு, சீனுவின் சனங்களுக்கு இடமில்லை.

"யார் வைத்த சட்டம் அது?"

"யாரோ. அந்தக் காலத்துலேந்தே அப்டித்தான். அவங்களும் பாவம்தாங்கா, ஏரில மீனு எங்க கீது? கழிவுத் தண்ணி வந்து பாதி போச்சி. இருக்கறதுல அவங்களுக்கு தண்ணி, எங்களுக்கு சேறு."

ஏழைகள் என்றால் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள் என்று இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். அந்த வரிசைக்குள்ளும் முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் உண்டு. பின்னால் நிற்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும்.

கரையோரச் சேற்றில் அமுலு இறங்கினாள். நண்டு வளையைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, குப்புறச் சாய்ந்து, தோள்வரை கையை உள்ளே விட்டாள். கன்னம் சேற்றில் பட்டது. "கடிக்காதா?" என்றேன்.

"கடிக்கும். அதுக்கும் புள்ள குட்டி கீதில்ல?"

நண்டை வெளியே இழுத்ததும் அதன் முதுகை மிதித்துக்கொண்டு, கயிற்றைக் கொடுக்குகளுக்குக் குறுக்கே ஓட்டி, முடிச்சைப் பல்லால் இழுத்துக் கட்டினாள். நான் ஒரு தும்மல் தும்மி முடிப்பதற்குள் வேலை ஆகிவிட்டது. கட்டிய நண்டு ஈரச் சாக்குக்குள் போயிற்று. திரும்புகிற நேரத்தில் ஒன்று வந்தது. என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தாலும் அதன் ஓடு அடங்காது. "கம்பெனி இத்த பாத்தா சிரிச்சிடும்" என்றான் சீனு. அமுலு அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெயிலில் போய் வந்த அசதியில் மதியம் நன்றாகத் தூங்கிவிட்டேன். மசாலா கொதிக்கிற வாசனைதான் எழுப்பியது. அமுலு முத்து அனுப்பிய புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "உங்களுக்கு அதிஷ்டம்கா. அந்தப் பெருசு கொடுக்கு போயிடுச்சி. அவுத்து மாத்திக் கட்டும்போது பட்டுனு வுட்டுடுச்சி."

சாப்பாட்டைப் பற்றி நான் நிறையச் சொல்லுவேன் என்று என் வீட்டில் கேலி செய்வார்கள். அந்தச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வரவில்லை. பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டிருந்தாள், புளி கம்மி, மிளகு தூக்கல். சதை இனித்தது. எங்கள் ஊருக்கு வந்து சேரும் நண்டு வழியிலேயே பாதி ருசியைத் தொலைத்துவிட்டுத்தான் வருகிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு வைத்த கொடுக்கை ஜோதியின் தட்டில் போட்டேன். அவள் அதைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டாள். "நைனா, நீயும் துன்னு" என்று சீனுவை இழுத்தாள். அவன் தட்டின் முன்னால் உட்காரவில்லை. தார்ப்பாயின் விளிம்பில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சோற்றுக்கடைக்காரியின் கண், குழம்பில் கிடக்கிற துண்டுகளைத் தானாக எண்ணும். ஜோதியின் தட்டில் ஒரு கொடுக்கு. சட்டியில் இன்னொன்று. ஏரியில் சண்டை போட்டு இழந்ததென்றால் ஒன்று குறைந்திருக்கும். சரி, கட்டும்போது விட்டது என்றுதானே சொன்னாள்? ஆனால் கட்டிய நண்டை எதற்காக அவிழ்க்க வேண்டும்? பல்லால் இழுத்து அவள் போட்ட முடிச்சை நான்தான் பார்த்தேனே, அது தளர்கிற முடிச்சா?

"அமுலு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "கம்முனு துன்னுங்கக்கா" என்றாள்.

கம்மென்று தின்றேன். சந்தோஷமாகத்தான் தின்றேன். ஜோதி விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, எது எப்படிப் போனால் என்ன என்று இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் கம்பெனி வந்தார். மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு முரடர் வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தவர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, என்னைப் பார்த்ததும் "வாங்கம்மா, தண்ணி ஒத்துக்குதா?" என்று விசாரிக்கிற ஆள். சாக்கைத் திறந்து ஒவ்வொரு நண்டின் வயிற்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துப் பெட்டியில் அடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜோதி நேற்றைய கொடுக்குகளைக் கழுவி வைத்து, கத்திரிக்கோல் மாதிரி திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் போய் அவள் பக்கத்தில் குந்தினார். இரண்டையும் வாங்கி, அளவு பார்ப்பதுபோல் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார்.

"ஜோடியா கீதே" என்றார். "ரெண்டும் ஒரே நண்டு."

சீனுவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ. "நான் வரும்போது பொன்னேரி மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு வந்தேன்" என்றேன்.

அவர் சிரித்தார். கேலியாகக்கூட இல்லை. "பொன்னேரில இந்த சைஸ் கெடைக்காதும்மா. இந்த சைஸ் மொத்தமும் உங்க ஊருக்குத்தான் போவுது."

"கொடுக்கு கட்டும்போது வுட்டுடுச்சிண்ணே" என்று சீனு ஆரம்பித்தான். "தெரியாம..." என்றவனை அமுலு கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான்தான் ஒடிச்சேன்" என்றாள். "கயித்த அவுத்து, மூட்டுல அழுத்தி, நானே ஒடிச்சேன். எம் பொண்ணு ஒரு நாள் துன்னட்டும்னு ஒடிச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்காவன்னு நெனச்சிக்காதீங்கக்கா. எத்தினியோ நாளா மனசுல கீது. விருந்தாளி வந்தாங்கன்னு ஒரு சாக்கு கெடைச்சிது, அவ்ளோதான்."

நண்டின் விலையை நான் தருகிறேன் என்றேன். இரண்டு பங்காகத் தருகிறேன் என்றேன். கம்பெனி பொறுமையாகத் தலையை ஆட்டினார். "வெலை இல்லம்மா விஷயம். இன்னிக்கு இவங்க ஒடிச்சா நாளைக்கு கரை பூரா ஒடிப்பாங்க. எம் மேலயும் ஒருத்தன் கீறான், அவன் பெட்டியத்தான் எண்ணுவான். எனக்கு மட்டும் ஆசையா இன்னா?" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அதுதான் என் ஆத்திரத்தை அதிகமாக்கியது. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் சரியாக வாய்க்கவில்லை.

அவரோடு வந்தவன் அமுலுவின் படகில் ஏறிக் கழியை ஊன்றினான். படகுக்குள் சீனுவின் பழைய சட்டை கிடந்தது. அதை எடுத்துக் கரையில் மடித்து வைத்துவிட்டுத்தான் போனான். ஜோதிக்கு என்ன புரிந்ததோ, கொடுக்குகளைக் கொண்டுபோய்த் தண்ணீரில் எறிந்துவிட்டு அழுதாள். "அழுவாத, நீ இன்னா செஞ்ச?" என்று அமுலு அவளைத் தூக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நான் சீனுவிடம், படகு ஒன்று வாங்கித் தருகிறேன், கடையை அடகு வைத்தாவது பார்க்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவன் மணலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"வாங்கிக் குடுங்கக்கா. பிடிச்ச நண்ட யாருகிட்ட விக்கறது?"

இந்தக் கரை முழுக்க நண்டு வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். அவர் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த வீட்டுச் சரக்கைத் தொட இன்னொருவர் வரமாட்டார். கல்யாணத்துக்கு உடுத்திய பட்டுச் சேலை என் பெட்டியில் மடிந்து கிடந்தது, அது எதற்கு ஞாபகம் வந்ததோ. அன்று மத்தியானம் யாரும் சமைக்கவில்லை. பால்மாவைக் கரைத்து ஜோதிக்கு மட்டும் கொடுத்தோம்.

நான்காம் நாள் விடிந்து நான் எழுந்தபோது சீனுவும் இல்லை, அமுலுவும் இல்லை. இறால் பண்ணையில் குழி வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று அவன் போய்விட்டானாம். அடுப்பின் மேல் எனக்குச் சோறு மூடி வைத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஜோதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அமுலு ஏரிக்குப் போய்க்கீது. ஆட்டோ வர்றதுக்குள்ள அப்டிக்கா போனீங்கன்னா பாக்கலாம்" என்றாள்.

ஜோதி என் கையைப் பிடித்துக்கொண்டு கரையோரமாக நடந்து வந்தாள். ஏரியில் தலைகள் தெரிந்தன. எல்லாம் பெண்கள். கழுத்துவரை தண்ணீரில் மண்டியிட்டு, அடிச்சேற்றை இரண்டு கைகளாலும் தடவித் தடவி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. கையில் தட்டுப்படுகிற இறாலை எடுத்துப் போட்டுக்கொள்ள ஆளுக்கு ஒரு பறி, பனையோலையில் முடைந்த கூடை, முகத்துக்கு முன்னால் மிதந்தது. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்கள். படகு வருவதற்கு முன்னால் அமுலு செய்துகொண்டிருந்த வேலை இதுதான் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருந்தாள்.

"அதோ அம்மா" என்று ஜோதி காட்டினாள்.

"அமுலு, நான் கிளம்புறேன்" என்று கத்தினேன். ஒரு தலை திரும்பியது. கிளம்புகிறேன் என்றால் போதாதா, நான் சும்மா இருந்திருக்கலாம். "முத்து கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் கயிறு நழுவும், பறி சாயும், விடிந்ததிலிருந்து தடவிச் சேர்த்த இறால் ஏரிக்குப் போய்விடும். அது எனக்குப் புரிய இத்தனை நேரம் ஆயிற்று. புரிந்த பிறகும் கரையிலேயே நின்றேன். அவள் தாடை இன்னும் கொஞ்சம் இறுகியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைகளைச் சேற்றுக்குள் விட்டு, நகர்ந்து போனாள்.